பின்சீட்டில் இருப்பவருக்கும் பொறுப்பைக் கொடுங்கள்: ஒரு வாடகைக் கார் ஓட்டுநரின் திறந்த மடல்

மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைத் துறை அமைச்சகத்துக்கும், வாகனப் பாதுகாப்புத் தரங்களை வகுக்கும் குழுவினருக்கும்,

என் காரில் பின்சீட்டில் இருப்பவர் பெல்ட் போடாவிட்டால் அபராதம் எனக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்போது வந்த 194பி பிரிவு அதைத்தான் சொல்கிறது. பெல்ட் போடாமல் ஓட்டுபவருக்கும், பெல்ட் போடாத பயணியை ஏற்றிச் செல்பவருக்கும் ஆயிரம் ரூபாய். போடாமல் உட்கார்ந்திருக்கும் பயணிக்கு அந்தப் பிரிவில் ஒன்றும் இல்லை. அவர் பெரிய அதிகாரியாக இருக்கலாம், கல்லூரிப் பேராசிரியராக இருக்கலாம், நான் இரண்டு முறை சொன்ன பிறகும் "அதெல்லாம் வேணாம், நீங்க வண்டிய எடுங்க" என்று கையசைத்தவராக இருக்கலாம். சட்டத்தின் கண்ணில் அவர் நான் ஏற்றிய சுமை. பேச்சுக் கேட்காத சுமைக்கு நான் பொறுப்பு.

நான் திருச்சியில் சொந்தமாக வாடகைக் கார் வைத்து ஓட்டுகிறேன். பெரும்பாலும் விமான நிலையச் சவாரி. புதுக்கோட்டை, காரைக்குடி, தஞ்சாவூர், பெரம்பலூர் என்று ராத்திரியும் விடியற்காலையுமாக ஓட்டம். மற்ற நாட்களில் கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி. ஆணையம் அமைத்து ஆய்வு செய்யும் வசதி எனக்கு இல்லை. ஆனால் காருக்குள் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை உங்கள் குழுவில் இருக்கும் எந்தப் பொறியாளரையும்விட அதிகம் பார்த்திருப்பேன். நீங்கள் எழுதும் விதிகளில் இயந்திரம் இருக்கிறது. மனிதர் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் வாடகைக் காருக்குள் யார் சொல்வது நடக்கும் என்று பாருங்கள். காசு கொடுப்பவர் சொல்வது நடக்கும். ஏசியைக் கூட்டு, பாட்டை நிறுத்து, பைபாஸில் போகாதே, டீக்கு நிறுத்து, எல்லாம் அவர் சொல்வதுதான். ஆப் மூலம் வந்த சவாரி என்றால் இறங்கும்போது அவர் எனக்கு ஸ்டார் போடுவார். ஸ்டார் குறைந்தால் அடுத்த நாள் நல்ல சவாரி வராது. ஸ்டாண்டு மூலம் வந்த பார்ட்டி என்றால், "அந்த டிரைவர் ரொம்பச் சட்டம் பேசுறான், வேற ஆள அனுப்புங்க" என்று ஒரு போன் போதும். வண்டிக்குள் ஆகக் குறைந்த அதிகாரம் உள்ளவன் ஓட்டுநர். அவன் தலையில்தான் பின்சீட்டுப் பெல்ட்டுக்கான முழுப் பொறுப்பையும் வைத்திருக்கிறீர்கள்.

பெல்ட் போடச் சொன்னால் வரும் பதில்களை எழுதுகிறேன். இவை உங்கள் வரைவு அறிக்கைகள் எதிலும் இருக்காது. "பின்னாடி எதுக்குங்க பெல்ட்டு, முன்னாடிதானே கேக்குறாங்க." "பட்டுப்புடவை கசங்கிடும்." "பாப்பாவுக்கு மூச்சு முட்டும்." "போலீஸ் நின்னா சொல்லுங்க, போட்டுக்கறோம்." "நீங்க நிதானமா ஓட்டுவீங்கன்னு சொன்னாங்களே, அப்புறம் என்ன?" இந்தக் கடைசிப் பதில்தான் எனக்கு அதிகம் வலிக்கும். பெல்ட் போடச் சொல்வதை என் ஓட்டும் திறமையின்மேல் எனக்கே சந்தேகம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். எதிரே வருகிறவனும், விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கிற லாரியும், குறுக்கே ஓடுகிற மாடும் அவர்கள் கணக்கில் வருவதில்லை.

சிங்கப்பூரிலிருந்து வருபவர்களைக் கவனித்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. அங்கே டாக்ஸியில் பின்சீட்டில் உட்கார்ந்தாலும் பெல்ட் போட்டே ஆகவேண்டும். போடாத பயணிமேலேயே அபராதம் விழும். பல வருஷம் அங்கே வேலை பார்த்துவிட்டு வரும் நம்மூர்க்காரர் என் வண்டியில் ஏறியதும் கை தானாகப் பெல்ட்டைத் தேடும். அதற்குள் அழைத்துப்போக வந்த மாமனார், "இங்க எதுக்கு மாப்ள அதெல்லாம்" என்பார். கை திரும்பிவிடும். அதே மனிதர், அதே கை. மாறியது எது? தான் போடாவிட்டால் தனக்கு என்ன ஆகும் என்ற கணக்கு ஒன்று. பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது இன்னொன்று. நம்மவர்களுக்குப் பாதுகாப்புணர்வே கிடையாது என்று யாராவது பேசும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். சில மணி நேரத்துக்கு முன்னால் சாங்கி விமான நிலையம் போகிற வழியில் பெல்ட் போட்டிருந்தவர்தானே இவர்?

இப்போது இயந்திரத்துக்கு வருகிறேன்.

2019 ஜூலை முதல் தேதியிலிருந்து தயாராகும் கார்களில் ஓட்டுநருக்கும் பக்கத்துச் சீட்டுக்கும் பெல்ட் நினைவூட்டும் சத்தம், 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டும் 120-ஐத் தாண்டினால் விடாமலும் ஒலிக்கும் வேக எச்சரிக்கை, ஓட்டுநருக்கு ஏர்பேக் எல்லாம் கட்டாயம் என்றீர்கள். நல்ல விதி. நான் முழு மனதோடு ஏற்றுக்கொண்டேன். அடுத்து நடந்ததைப் பாருங்கள். பெல்ட் கொக்கிக்குள் செருகினால் சத்தம் நின்றுபோகிற கிளிப் சந்தைக்கு வந்தது. சின்ன உலோகத் துண்டு, மேலே பளபளவென்று கார் கம்பெனிச் சின்னம். கார் வாங்கியவருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கிற சாவிக்கொத்துபோல அழகாக இருக்கும். பெல்ட் போட வைப்பதற்காக நீங்கள் ஒரு கருவியைக் கட்டாயமாக்கினீர்கள். அதை ஏமாற்றுவதற்கென்றே ஒரு வியாபாரம் பிறந்தது.

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். மும்பை நோக்கி வந்த அந்த விலையுயர்ந்த காரின் பின்சீட்டில் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை. இருவரும் இறந்தார்கள். முன்சீட்டில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். நாடே அதைப் பற்றிப் பேசியது. அதே மாதம் பின்சீட்டுக்கும் அலாரம் வேண்டும் என்று வரைவு அறிவிக்கை வெளியிட்டீர்கள். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு அந்தக் கிளிப்புகளை நீக்க உத்தரவிட்டது. 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டதாக அரசே அறிவித்தது. ஒரு தகட்டுத் துண்டுக்கு அத்தனை பதிவுகள் என்றால் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். இணையத்தில் நீக்கியாயிற்று. கார் அலங்காரக் கடைகளில் அது இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்குகிறது. நான் பார்க்கிறேன். கடைக்காரர் ஒளித்தும் வைப்பதில்லை.

கிளிப்கூட ஒரு பக்கம்தான். பின்சீட்டில் அதுவும் தேவையில்லை. பெல்ட்டை இழுத்துச் சீட்டு முதுகோடு சேர்த்துக் கொக்கியில் மாட்டிவிட்டு அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துவிடலாம். சத்தம் வராது. திரையில் பெல்ட் போட்டதாகப் பச்சை விளக்கும் எரியும். அந்தச் சத்தம் பயணியை நோக்கி எழுந்தாலும் திட்டு வாங்குபவன் நான்தான். "என்னங்க இது கத்திக்கிட்டே இருக்கு, நிறுத்த மாட்டீங்களா?" என்பார்கள். பின்சீட்டில் வைத்த பழக்கூடைக்கும் தோள்பைக்கும்கூட சில வண்டிகளில் அது கத்தும். பைக்குக் கத்துகிற அலாரத்தை மனிதர்கள் மதிக்க மாட்டார்கள். பொய்யாக ஒருமுறை கத்தினால், நிஜமாகக் கத்தும்போதும் அதை அணைக்கத்தான் கை போகும்.

இது உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் 1974 மாடல் கார்களில் முன்சீட்டுக்காரர்கள் பெல்ட் போட்டால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும் என்று விதி செய்தார்கள். காகிதத்தில் பார்த்தால் அதைவிட உறுதியான ஏற்பாடு கிடையாது. மளிகைப் பையைப் பக்கத்துச் சீட்டில் வைத்தாலும் வண்டி கிளம்பவில்லை. மக்கள் கொதித்தார்கள். கம்பியை வெட்டினார்கள், கடைசியில் ஓட்டுப் போட்டு அனுப்பிய பிரதிநிதிகளிடம் போனார்கள். அந்த வருஷ முடிவுக்குள் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த விதியையே சட்டம் போட்டுத் தடைசெய்தது. தடை அதோடு நிற்கவில்லை. பெல்ட் எச்சரிக்கைச் சத்தம் எட்டு விநாடிக்கு மேல் கட்டாயமாக்கப்படக் கூடாது என்றும் எழுதிவிட்டார்கள். அந்த எட்டு விநாடி வரம்பு 2012 வரை நீடித்தது. மனித சுபாவத்தைக் கணக்கில் எடுக்காமல் போட்ட ஒரு விதி, நல்ல நினைவூட்டும் கருவி வருவதையே நாற்பது வருஷத்துக்குத் தள்ளிப்போட்டது. 1983-ல் அங்கே பெல்ட் போட்டவர்கள் 14 சதவீதம் பேர். இன்று 90-ஐத் தாண்டிவிட்டது. அதற்குக் காரணம் வண்டியைக் கிளம்பவிடாத கருவி அல்ல. 1984-ல் நியூயார்க்கில் தொடங்கி மாநிலம் மாநிலமாக வந்த சட்டங்களும், அவை நிஜமாகவே அமல்படுத்தப்பட்டதும், தொடர்ந்த பிரச்சாரமும்தான்.

அதே நாட்டில் இதைவிடக் கொடுமையான இன்னொன்று நடந்தது. அதை நீங்கள் தயவுசெய்து ஊன்றிப் பார்க்க வேண்டும். மக்கள் எப்படியும் பெல்ட் போடமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு, பெல்ட் போடாத, நடுத்தர உடல்வாகு கொண்ட ஓர் ஆணைத் தாங்கிப் பிடிக்கிற வேகத்துக்கு ஏர்பேக்கை வடிவமைத்தார்கள். அவ்வளவு வேகமாக வெடித்து விரியும் பை, முன்சீட்டில் இருந்த குழந்தைகளையும் ஸ்டியரிங்குக்கு நெருங்கி உட்காரும் குள்ளமான பெண்களையும் கொன்றது. 1990-லிருந்து 2008 வரை வேகம் குறைந்த மோதல்களில் முன்பக்க ஏர்பேக் விரிந்ததாலேயே 290-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பே கணித்திருக்கிறது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெல்ட் போடாதவர்கள் அல்லது சரியாகப் போடாதவர்கள். பிறகுதான் ஏர்பேக்கின் வேகத்தைக் குறைத்தார்கள். பெரியவர்களின் பழக்கம் இயந்திரத்தை மாற்றியது. விலை கொடுத்தது குழந்தைகள்.

நம் ஊரில் முன்சீட்டில் யார் மடியில் குழந்தை இருக்கிறது என்று எந்தக் கல்யாண ஊர்வலத்திலும் போய்ப் பாருங்கள். பேரனை வேடிக்கை பார்க்கச் சொல்லி டேஷ்போர்டைப் பிடித்து நிற்க வைத்திருப்பார் தாத்தா. பக்கத்துச் சீட்டுக்கும் ஏர்பேக்கைக் கட்டாயமாக்கியிருக்கிறீர்கள். அது தேவையான விதி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பைக்கு முன்னால் குழந்தையை வைத்தால் என்ன ஆகும் என்று காரை விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெயில் மறைக்கும் மடிப்பில் ஓர் எச்சரிக்கைப் படம் ஒட்டியிருக்கிறது. எழுத்து ஆங்கிலத்தில், எறும்பு அளவில். அதைக் காட்டி ஒரு பாட்டியிடம் நான் விளக்கியபோது, "அப்படியா தம்பி, இது காத்து பலூன்னுல்ல நெனச்சேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியுமா? பிறகு குழந்தையைப் பின்னால் தாயிடம் கொடுத்தார். தாய் மடியில் வைத்துக்கொண்டார். தாய் பெல்ட் போடவில்லை. குழந்தைக்கான இருக்கையை என் வண்டியில் வைத்திருந்தால் அது வேறு பேச்சு. வாடகைக் காரில் யார் அதை வைத்துக்கொண்டு அலைவது, யார் செலவில், எந்த வயதுக்கு எது? பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லை என்றால் அதற்கும் அபராதம் ஓட்டுநருக்கு என்று 194பி-யில் எழுதியிருக்கிறீர்கள். அதை எப்படிச் செய்வது என்று எழுதவில்லை.

எங்கள் ஸ்டாண்டில் என்னோடு ஓட்டிய ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரை ரோட்டில், விராலிமலை தாண்டி, இரவு. பார்க்கிங் லைட் இல்லாமல் நின்ற லாரியின் பின்னால் போய் மோதினார். அவர் பெல்ட் போட்டிருந்தார். ஏர்பேக்கும் விரிந்தது. விதிப்படி செய்யவேண்டிய எல்லாம் செய்த மனிதர். அவருக்கு நேர் பின்னால் ஆஜானுபாகுவான ஒருவர் பெல்ட் இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தார். மோதிய வேகத்தில் அவர் உடல் முழுக்க ஓட்டுநர் சீட்டின் முதுகில் வந்து விழுந்தது. சீட்டு முன்னால் மடங்கி, பெல்ட் போட்டிருந்தவரை ஸ்டியரிங்கோடு நசுக்கியது. பின்னால் இருந்தவர் ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்துவிட்டார். நண்பருக்கு விலா எலும்பும் முதுகெலும்பும் போயின. உயிர் தப்பினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் இப்போது அவரால் உட்கார முடியாது. வண்டியை விற்றாயிற்று. வழக்கு அவர்மேல்தான்.

இது ஏதோ ஒரு துரதிர்ஷ்டம் என்று நான் அப்போது நினைத்தேன். பிறகு தேடிப் படித்தபோது, ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-லேயே லான்செட் மருத்துவ இதழில் இதை எழுதியிருப்பது தெரிந்தது. பின்சீட்டில் இருப்பவர் பெல்ட் போடாதபோது, முன்சீட்டில் பெல்ட் போட்டிருப்பவர் இறக்கும் ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆகிறது. ஆக, பின்சீட்டுக்காரர் பெல்ட் போடுவதும் போடாததும் அவருடைய சொந்த விஷயம் அல்ல. என் உயிர் அது. என் பெல்ட்டையும் என் ஏர்பேக்கையும் வீணாக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. அவரைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் எனக்கு இல்லை.

உங்கள் அமைச்சகத்தின் ஆண்டறிக்கைக் கணக்கையே பாருங்கள். பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 2021-ல் 16,397 பேர், 2022-ல் 16,715 பேர். இதில் ஓட்டுநர்கள் 8,438-லிருந்து 8,384 ஆகக் கொஞ்சம் குறைந்திருக்கிறார்கள். பயணிகள் 7,959-லிருந்து 8,331 ஆகக் கூடியிருக்கிறார்கள். ஒரு வருஷ மாற்றத்தை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இறப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பயணிகள் என்பதில் மாற்றமில்லை. அவர்களை அந்த அறிக்கை 'பயணிகள்' என்று ஒரே தலைப்பில் கட்டிவைத்துவிடுகிறது. முன்சீட்டா பின்சீட்டா, சொந்தக் காரா வாடகைக் காரா, அந்தச் சீட்டில் எடுத்துப் போடும் நிலையில் ஒரு பெல்ட் இருந்ததா, எதுவும் தெரியாது.

எடுத்துப் போடும் நிலையில் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. புது வண்டி வாங்கும்போது 'ஆக்சஸரீஸ்' என்று ஒரு தொகுப்பைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். அதில் முதலாவது பஞ்சு வைத்துத் தைத்த ரெக்சின் சீட் கவர். என் வண்டிக்குப் போட்டபோது பின்சீட்டின் மூன்று கொக்கிகளும் கவருக்கு அடியில் போய்விட்டன. கவர் தைத்தவருக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. "எல்லாரும் இப்படித்தான் போடுறாங்கண்ணே, கொக்கி வெளிய தெரிஞ்சா உக்காரும்போது குத்தும்" என்றார். நானே பிளேடு வைத்து வாய் வெட்டி, ஓரத்தை மடித்துத் தைக்கச் சொல்லி, கொக்கிகளை வெளியே எடுத்தேன். எங்கள் ஸ்டாண்டில் நிற்கும் வண்டிகளின் பின்சீட்டு இடுக்கில் கைவிட்டுப் பாருங்கள். கொக்கிக்குப் பதில் சில்லறைக் காசும் கடலைத் தோலும் வரும். சில கார்களில் முன்சீட்டின் பக்கவாட்டுக்குள்ளேயே ஏர்பேக் இருக்கிறது. அதன்மேலும் இறுக்கிக் கவரை மாட்டிவிடுகிறார்கள். பை விரிய வேண்டிய நேரத்தில் அந்தத் தையல் கிழிந்து வழிவிடுமா என்று யாரும் பரிசோதித்ததில்லை.

அப்படிப்பட்ட வண்டிகள்தான் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுப் பரிசோதனையில் தேறி வருகின்றன. பிரேக் இன்ஸ்பெக்டர் ஒளிரும் ஸ்டிக்கர் பார்ப்பார், ஹாரன் பார்ப்பார், வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்ப்பார், அவசரப் பொத்தான் வேலை செய்கிறதா என்று அழுத்துவார். பின்சீட்டுப் பெல்ட்டை வெளியே இழுத்து, கொக்கியில் மாட்டி, படக்கென்று இழுத்துப் பார்த்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஒரு வண்டிக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாத வேலை. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் கதையும் உங்களுக்குத் தெரியாததல்ல. எஃப்.சி. அன்று வேலை செய்யும், மறுநாள் இணைப்பு கழன்றிருக்கும். கருவியைக் கட்டாயமாக்கும்போதே, அதைக் கழற்றுவதால் யாருக்கு லாபம், யார் கழற்றுவார்கள், அன்றாடம் யார் பார்ப்பார்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

ஏர்பேக் எத்தனை என்பதிலும் நீங்கள் நடந்துகொண்ட விதம் எனக்கு வருத்தம். 2022 ஜனவரியில் ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று வரைவு வந்தது. முதலில் அந்த வருஷம் அக்டோபர், பிறகு 2023 அக்டோபர் என்று தள்ளினீர்கள். கடைசியில் கட்டாயமாக்கப் போவதில்லை, மோதல் சோதனை செய்து கார்களுக்குக் கொடுக்கும் பாரத் என்கேப் நட்சத்திரங்களைப் பார்த்து மக்களே நல்ல காரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்ற நிலைக்கு வந்தீர்கள். சொந்தக் கார் வாங்குபவருக்கு அது சரியாக இருக்கலாம். வாடகைக் காரில் ஏறுபவர் நட்சத்திரம் பார்த்தா ஏறுகிறார்? அவருக்கு வருவது முதலில் கிடைக்கிற வண்டி. வாங்குகிற முதலாளி மைலேஜும் தவணையும் பார்க்கிறார். உள்ளே உட்கார்பவர் தேர்ந்தெடுப்பதே இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் நம்பிக்கை இழந்தவன் அல்ல. எது வேலை செய்கிறது என்றும் பார்த்திருக்கிறேன். வண்டி நகர்ந்த பிறகு சொன்னால் யாரும் போடுவதில்லை. பெட்டிகளை ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு, இன்ஜினை ஆன் செய்யாமல், திரும்பிப் பார்த்து, "எல்லாரும் பெல்ட் போட்டதும் கிளம்பிடலாம்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தால் பாதிப்பேர் போட்டுவிடுகிறார்கள். குடும்பத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால் முதலில் அந்தப் பிள்ளையிடம் சொல்வேன். அது தானும் போட்டு, தாத்தாவையும் விடாது. கொக்கி கண்ணுக்குத் தெரியும்படி வெளியே இருந்தால் இன்னும் கொஞ்சம் பேர் போடுகிறார்கள். தேடவேண்டி இருந்தால் ஒருவரும் தேடுவதில்லை. உங்கள் அலாரமோ வண்டி நகர்ந்து வேகம் பிடித்த பிறகு, ஓட்டுநர் முன்னால் இருக்கும் திரையில் எரிந்து, யார் போடவில்லை என்பது பின்னால் இருப்பவருக்கே தெரியாத விதத்தில் கத்துகிறது. கேட்க வேண்டிய நேரமும் தவறு, கேட்கும் ஆளும் தவறு.

ஆகவே கேட்கிறேன்.

194பி பிரிவைத் திருத்துங்கள். நினைவு தெரிந்த வயதுவந்த பயணி, சொன்ன பிறகும் பெல்ட் போட மறுத்தால் அபராதம் அவர்மேல் விழட்டும். பெல்ட் வேலை செய்யாத வண்டியை ஓட்டினால் அபராதம் என்மேல் இருக்கட்டும், அதை மறுக்கவே மாட்டேன்.

எஃப்.சி. பரிசோதனையில், தானியங்கிப் பரிசோதனை நிலையங்கள் உட்பட, ஒவ்வொரு சீட்டின் பெல்ட்டையும் இழுத்து மாட்டிப் பார்ப்பதைக் கட்டாயப் படியாகச் சேருங்கள். கொக்கி கவருக்கு அடியில் இருந்தால் சான்றிதழ் தராதீர்கள். ஒரே வருஷத்தில் தமிழ்நாட்டுச் சீட் கவர் தைப்பவர்கள் எல்லோரும் கொக்கிக்கு வாய்விட்டுத் தைக்கப் பழகிவிடுவார்கள். கொக்கியையோ பக்கவாட்டு ஏர்பேக்கையோ மறைக்கும் கவரை ஷோரூம் வழியாகவே விற்பதை முதலில் நிறுத்துங்கள். கிளிப் விற்பனைத் தடையை இணையத்தோடு விடாமல் கடைகளுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் கொண்டுவாருங்கள்.

பின்சீட்டு அலாரத்துக்கான தரத்தை மறுபடி எழுதும்போது, வண்டி நகரும் முன்பே கேட்கும்படியும், எந்தச் சீட்டு என்று பின்னால் இருப்பவர் கண்ணுக்குத் தெரியும்படியும், பைக்கும் மனிதருக்கும் வித்தியாசம் அறியும்படியும் எழுதுங்கள். அதைச் சோதனைக்கூடத்தில் பொம்மையை வைத்து மட்டும் பார்க்காதீர்கள். புடவை கட்டிய அம்மாக்கள், மடியில் குழந்தை, காலடியில் பை, தோளில் தூங்கும் தாத்தா என்று ஒரு நிஜக் குடும்பத்தை ஏற்றிப் பாருங்கள். அந்தக் குழுவில் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கு இடம் கொடுங்கள். முன்சீட்டு ஏர்பேக் எச்சரிக்கை அந்தந்த மாநில மொழியில், படிக்கும் அளவில் இருக்கவேண்டும். வாடகைக் காரில் குழந்தையை எப்படி ஏற்றுவது என்பதற்கு, நடைமுறையில் செய்யக்கூடிய ஒரு வழியைத் தெளிவாக அறிவியுங்கள்.

ஆண்டறிக்கையில் பயணிகளை முன்சீட்டு, பின்சீட்டு என்றும் சொந்தக் கார், வாடகைக் கார் என்றும் பிரித்து வெளியிடுங்கள்.

கடைசியாக, 2025 ஜூலையில் நீங்கள் மாநிலங்களுக்கு அனுப்பிய ஆப் நிறுவனங்களுக்கான வழிகாட்டு நெறிமுறையில், ஏற்றுக்கொண்ட சவாரியைச் சரியான காரணமின்றி ரத்துசெய்யும் ஓட்டுநருக்குக் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் நூறு ரூபாய் தண்டம் என்று இருக்கிறது. பயணி பெல்ட் போட மறுப்பதைச் சரியான காரணமாக அதில் பெயர் சொல்லி எழுதுங்கள். அந்தக் காரணத்துக்காக ஒரு பயணி கொடுக்கும் குறைந்த ஸ்டார் ஓட்டுநரின் கணக்கில் சேரக் கூடாது என்றும் எழுதுங்கள். அதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. உங்கள் அமைச்சகத்தின் ஒரு திருத்தக் கடிதம் போதும். அதை இந்த ஆண்டுக்குள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு வாடகைக் கார் ஓட்டுநர்